குளிக்கும் தொட்டியில் கழுவிய சரளை

லண்டனுக்குப் போகிறவர்கள் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோவார்கள். நான் நான்கு தகர டப்பாக்களில் மண் கொண்டுபோனேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிப்ரவரி மாதம். வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் விமானத்தில் பாதி இருக்கைகள் காலி. ஹீத்ரோவில் துப்பாக்கி ஏந்திய போலீஸ்காரர்கள் இரண்டிரண்டு பேராக உலாத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கனமான டப்பாக்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி சுங்கத்தின் முன்னால் போய் நின்றேன்.

நான் கரூர்க்காரி. தில்லியில் சாலை ஆராய்ச்சி செய்யும் ஓர் அலுவலகத்தில் பொறியாளர். அதற்கு இரண்டு வருடம் முன்பு லடாக்கில் ஒரு சிறிய ஊரின் கடைத்தெருவுக்குத் தளம் வரைந்து கொடுத்தேன். கீழே அந்த ஊர் வண்டல், அதன் மேல் கல், அதன் மேல் தார். சமவெளியில் எத்தனையோ தெருக்களுக்கு இதே கணக்கைப் போட்டிருக்கிறேன். முதல் குளிர்காலத்திலேயே தெரு இட்லி மாதிரி உப்பிவிட்டது. வெயில் வந்து பனி உருகியதும் உப்பிய இடமெல்லாம் சேறானது. அதைப் பார்வையிட நான் போயிருந்த அன்று, பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் நடுத்தெருவில் அச்சு வரை இறங்கிவிட்டது. கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலின் ஒரு காலைப் பிடித்தவள் நான். நாங்கள் சறுக்கும்போதெல்லாம் அவள் அலறினாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் அந்தத் தெருவை வரைந்த கை என்னுடையது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு வழி சொன்னார்: வண்டலில் சிமென்ட் கலந்து இறுக்கிவிட்டு, மேலே கான்கிரீட் போட்டுவிடலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆற்றுச் சரளையை அடியில் கனமாகப் பரப்பிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டில் எது நிற்கும் என்று சோதிக்கும் குளிர்ப்பெட்டி அப்போது எங்களிடம் இல்லை. தென் லண்டனில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு எழுதிப் போட்டேன். பிப்ரவரியில் ஒரு வாரம் பெட்டி காலியாக இருக்கிறது, வந்தால் தருகிறோம் என்று பதில் வந்தது. ஊர் திரும்பிய மறுநாள் தலைவர் முன்னால் முடிவு சொல்லியாக வேண்டும்.

சுங்க அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மண் கொண்டுவர வாங்கிய அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு டப்பாக்களை எண்ணினார்.

"கடிதத்தில் மூன்று என்று இருக்கிறது, மேடம். இங்கே நான்கு இருக்கிறது."

இரண்டில் தெருவின் வண்டல், ஒன்றில் தில்லியிலேயே வார்த்த சிமென்ட் கலவை உருளைகள். நான்காவதில் ஆற்றுச் சரளை. கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் அது வந்து சேர்ந்தது. கடிதத்தைத் திருத்தி வாங்க நேரமில்லை.

"அது வெறும் கல்தானே" என்றேன்.

அவர் மூடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். விரலில் மண் ஒட்டியிருந்தது. "மன்னிக்கவும். இதை நாங்கள் அழித்துவிடுவோம்."

எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். மூன்று டப்பாக்களோடு வெளியே வந்தேன்.

தங்குவதற்குத் தில்லியில் என் தோழி கொடுத்த முகவரி கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெரு. கதவைத் திறந்த மகேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பாண் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை; ரொட்டியை அவர்கள் பாண் என்பார்கள். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்.

"வாங்கோ தங்கச்சி, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

இடியப்பமும் சொதியும் தந்தார். சொதியை அதுவரை நான் சாப்பிட்டதில்லை. தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட அந்த இளஞ்சூட்டுக் குழம்பு தொண்டையில் இறங்கியபோதுதான், காலையிலிருந்து நான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வயிறு நிறைந்ததும் அழுகை வந்தது. டப்பா போன கதையைச் சொன்னேன்.

அவர் கணவர் தேவராஜா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் சாலைப் பகுதியில் ஓவசியராக இருந்தவர், இங்கே கவுன்சில் என்கிற நகரசபைக்குத் தெருவில் குழி வெட்டுகிறார்.

"கல்லுத்தானே? எங்கட யார்டில மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு" என்றார். "போர்மனைக் கேட்டுப் பாக்கிறன்."

"அது லடாக் ஆத்துக் கல்லு அண்ணா. இங்க இருக்கிற கல்லை வச்சு என்ன பண்றது?"

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குப் படுத்தபின் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நிலம் உப்புவதற்குக் கல்லா காரணம்? பலரும் நினைப்பதுபோல், மண்ணில் இருக்கிற தண்ணீர் உறைந்து விரிவதால் மட்டும் தெரு உப்பிவிடுவதில்லை. மேலே உறைகிற பனிக்கட்டி கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி ஏறிவந்து, பனிக்கட்டி தகடு தகடாகத் தடித்துக்கொண்டே போகும். அந்தத் திரி வேலையைச் செய்வது மாவு போன்ற வண்டல். பெரிய கல்லால் அது முடியாது.

காலையில் தேவராஜா அண்ணனிடம் சொன்னேன்: "எந்த ஊர்க் கல்லா இருந்தாலும் பரவால்லண்ணா. கல்லு தண்ணியைக் குடிக்காது. கல்லுக்கு நடுவுல இருக்கிற மண்ணுதான் குடிக்குது. அந்த மண்ணு என்கிட்ட ரெண்டு டப்பா இருக்கு."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப கல்லை நல்லாக் கழுவிப்போட்டு, உங்கட மண்ணைக் கூட்டிக் குறைச்சுக் கலந்து பாருங்கோவன். எவ்வளவு ஊத்தை மட்டும் தாங்கும் எண்டு தெரிஞ்சிடும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. அந்த நான்காவது டப்பாவைச் சோதித்திருந்தால், ஆற்றின் ஒரு வளைவில் அள்ளிய சரளை நல்லதா கெட்டதா என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். இவர் சொல்வதுபோல் செய்தால், எந்த வளைவில் அள்ளினாலும் அது எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை மத்தியானம் தேவராஜா அண்ணன் இரண்டு கோணிப்பை சரளையோடு வந்து இறங்கினார். லாரியிலிருந்து சிந்திக் கிடந்ததை அள்ளிக்கொள்ளச் சொன்னாராம் போர்மன். கல்லைக் கழுவத் தோட்டத்துக் குழாயைத் திறந்தோம். அது உறைந்துபோயிருந்தது. வீட்டில் மீதியிருந்த ஒரே பெரிய பாத்திரம் குளிக்கும் தொட்டிதான்.

அண்ணன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம், நான் சேலையைச் செருகிக்கொண்டு மறுபக்கம். தொட்டித் துளையில் மண் போய் அடைத்துவிடாமல் பழைய துணியைக் கட்டினோம். கலங்கலை வாளியில் மொண்டு மொண்டு தோட்டத்தில் கொட்டினோம். தண்ணீர் பன்னிரண்டாம் முறைதான் தெளிந்தது. விரல்கள் விறைத்துப்போய் நான் நிறுத்தியபோதெல்லாம் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கைப்பிடிக் கல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

ஷிப்ட் முடிந்து வந்த மகேஸ்வரி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குளிக்கிற தொட்டிக்குள்ள கல்லுக் கழுவுற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன். இஞ்சாருங்கோ, பைப் அடைச்சுதெண்டா ஆர் காசு குடுக்கிறது?"

"அடைக்காது. நீர் போய்த் தேத்தண்ணியைப் போடும்."

அவர் தேநீர் போட்டதோடு நிற்கவில்லை. ஈரக் கல்லை எப்படிக் காயவைப்பது என்று நாங்கள் விழித்தபோது, அடுப்புக்குள் கேக் சுடும் தட்டுகளை எடுத்து நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வீட்டு அடுப்பில் கல் வெந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிவந்து, காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடி தூவாமல் அதை விழுங்க என்னால் முடியவில்லை. அவர்களாலும் முடியவில்லை என்று பார்த்தபோது ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை கல்லையும் டப்பாக்களையும் அக்காவின் சந்தை வண்டியில், அந்த இரண்டு சக்கரத் துணிப்பையில், இழுத்துக்கொண்டு போனேன். ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரு சக்கரம் கழன்று தானாகக் கீழே உருண்டோடியது. சூட் போட்ட ஒருவர் குனிந்து அதை எடுத்து, தொப்பியைத் தொட்டு என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நம் ஊராக இருந்தால் நான்கு பேர் கூடி, பையில் என்ன, எங்கே போகிறாய், கூட யாரும் வரவில்லையா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பையையும் தூக்கிவந்து கொடுத்திருப்பார்கள். ஒற்றைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வகப் பொறுப்பாளர் கிரெய்க் ஸ்காட்லாந்துக்காரர். நரைத்த தாடி, நீல மேலங்கி. பையை அவிழ்த்துப் பார்த்தார்.

"நீங்கள் எழுதிய கடிதத்தில் இமாலயச் சரளை என்று இருந்தது. இது தேம்ஸ் சரளை."

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "எங்கள் நாட்டில் ஒரு விதி உண்டு. தெருவின் மேற்பரப்பிலிருந்து ஒன்றரை அடிக்குள், உறைந்தால் உப்பும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. அந்த விதியை எடுத்துக்கொண்டு போய்விடுங்களேன். நான்கு நாள் மிச்சம்."

"லடாக்கில் குளிர் ஒன்றரை அடியோடு நிற்பதில்லை. ஆள் உயரத்துக்கு இறங்கும். அவ்வளவு மண்ணையும் தோண்டி எடுத்துவிட எங்களால் முடியாது. எவ்வளவு எடுத்தால் போதும், அங்கே எதைப் போட்டால் போதும் என்றுதான் தெரியவேண்டும்."

அவர் கழுவிய கல் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். "யார் கழுவினார்கள்?"

"நானும் ஒரு கவுன்சில் தொழிலாளியும்."

"சுத்தமாக இருக்கிறது" என்றார். பிறகு தராசை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று மாலைக்குள் மண்ணை அச்சில் இடித்து இறுக்கி உருளைகளைத் தயார் செய்து முடித்தோம். வெறும் வண்டல் ஒன்று. தில்லியில் வார்த்த சிமென்ட் கலவை ஒன்று. சரளையில் வண்டலைப் படிப்படியாகக் கூட்டிக் கலந்தவை நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தொட்டியில் உறையாத தண்ணீர், மேலே கடுங்குளிர். ஒவ்வொன்றின் தலையிலும், பெட்டி மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. மண் எழும்பினால் கம்பி எழும்பும். செவ்வாய் காலையில் பெட்டியை மூடினோம். சனிக்கிழமை காலையில் திறக்கவேண்டும். சனி மாலை எனக்கு விமானம்.

புதன்கிழமை கம்பிகள் லேசாக அசைந்திருந்தன. கல்லூரி உணவகத்தில் உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, நடுவில் பிளந்து, தித்திக்கும் அவரையை அதன் மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பனி கொட்டத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை கிரெய்க் தொலைபேசியில் அழைத்தார். அவர் இருப்பது லண்டனுக்கு வெளியே, கென்டில். அவர் வீட்டு வாசலையே பனி மூடிவிட்டது. "காவலாளி கதவைத் திறந்துவிடுவார். ஆனால் பெட்டியைத் தொடமாட்டார். வண்டல் நிறையத் தண்ணீர் குடிக்கிறது. இன்றைக்குள் யாராவது ஊற்றாவிட்டால் அடித்தொட்டி வற்றிவிடும். சோதனை போச்சு."

"நான் போகிறேன்."

"ரயில்கள் ஓடவில்லை என்கிறார்களே."

"நான் போகிறேன்" என்று மறுபடி சொன்னேன்.

தேவராஜா அண்ணன் விடிவதற்கு முன்பே தெருக்களில் உப்புத் தூவப் போய்விட்டார். மகேஸ்வரி அக்கா தன்னுடைய பூட்ஸைக் கொடுத்தார். காலுறைக்கு மேல் காலுக்கொரு கடைப் பிளாஸ்டிக் பையாகச் சுற்றிக் கட்டினார்.

"இது விசர் வேலை தங்கச்சி. விழுந்து கால் முறிஞ்சா ஆர் உங்களைப் பாக்கிறது?"

"நீங்க பாப்பீங்கக்கா."

"ஓம், நான்தான் பாக்கவேணும்" என்று சிரித்துவிட்டு, சம்பல் வைத்த பாணைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் திணித்தார்.

ஆற்றைத் தாண்டும் வரை ஏதோ ஒரு ரயில் கிடைத்தது. அதற்கப்பால் ஏறிய ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. பெட்டி நிறைய ஆட்கள். முக்கால் மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு கிழவர் தன் மனைவியிடம் சொன்னார்: "சைபீரியாவில் ரயில் ஓடுகிறதாமே, அங்கே யார் ஓட்டுகிறார்கள்?" பெட்டியே சிரித்தது. அதற்குப் பிறகு எதிரிலிருந்த அம்மாள் எல்லோருக்கும் பெப்பர்மின்ட் கொடுத்தார். ரயில் ஒருவழியாக ஊர்ந்து அடுத்த நிலையத்தைத் தொட்டதும், இதற்கு மேல் போகாது என்று இறக்கிவிட்டார்கள்.

நடந்தேன். பனியில் நடைபாதை எது, சாலை எது என்று தெரியவில்லை. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் முறை விழுந்தபோது எழுந்திருக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சம்பல் பாணைத் தின்றேன். லூயிஷாம் சந்தையில் ஒரே ஒரு காய்கறிக்காரர் மட்டும் கடை போட்டிருந்தார். வழி கேட்டபோது, "இந்தக் குளிரில் கல்லூரிக்கா? உன்னை மாதிரி மாணவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்றார். எனக்கு முப்பத்தாறு வயது என்று சொல்லவில்லை.

போய்ச் சேர இரண்டரை மணி நேரமானது. காவலாளி ஜமைக்காக்காரர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கும் முன்பே கெண்டியை அடுப்பில் வைத்தார்.

அடித்தொட்டியில் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் மீதி இருந்தது. குளிர்ந்த நீரை அளந்து மெதுவாக ஊற்றினேன். பிறகு கம்பிகளைப் பார்த்தேன். வெறும் வண்டலின் கம்பி கட்டைவிரல் அகலத்துக்கு எழும்பி நின்றது. என் தெரு அது. அந்தக் கடைத்தெருவில் மண்ணுக்குள் யாரும் பார்க்காமல் நடந்ததை, ஒரு சாண் உருளையில் என் கண்ணெதிரே பார்த்தேன். அளவுகோலை வைத்துக் குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையும் அதே வழியில் வந்து, அதே மாதிரி தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை கிரெய்க் எப்படியோ வந்துவிட்டார். பெட்டியைத் திறந்தோம். சரளை உருளைகளில் வண்டல் மிகக் குறைவாக இருந்த இரண்டும் வைத்தபடியே இருந்தன. மூன்றாவது லேசாக எழும்பியிருந்தது. நான்காவது வண்டலைப் போலவே பொங்கியிருந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் கூடியிருந்த வண்டல் இரண்டு பிடி இருக்கும், அவ்வளவுதான்.

சிமென்ட் கலவை உருளை அதிகம் எழும்பவில்லை. பிரிவுத் தலைவர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். கிரெய்க் அதைத் தூக்கினார். மேல் பாதி அவர் கையோடு வந்தது. கீழ்ப் பாதி தட்டிலேயே நின்றது. நடுவில் மெல்லிய பனித்தகடு கண்ணாடிபோல் பளபளத்தது.

"இதன் மேல்தான் கான்கிரீட் போடப்போகிறார்களா?" என்று கேட்டார்.

"இனிமேல் போட விடமாட்டேன்."

அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் சொன்னார்: "இது நான்கு நாள். உங்கள் குளிர்காலம் ஐந்து மாதம். என் பெட்டியை நம்பித் தெரு முழுவதையும் போட்டுவிடாதீர்கள். முதலில் ஐம்பது கஜம் போடுங்கள். பக்கத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை விலக்குங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் எந்த மண்ணும் உப்பாது."

விமான நிலையத்துக்குத் தேவராஜா அண்ணன் கூட வந்தார். அறிக்கையை ரயிலிலேயே வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நன்றி சொன்ன இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்ர பெயரை ஸ்பெல்லிங் பிழையில்லாமல் போட்டிருக்கிறியள்" என்றார். "இஞ்ச ஆரும் அப்பிடிப் போடுறேல்லை."

தில்லியில் பிரிவுத் தலைவர் எளிதில் இறங்கிவரவில்லை. தேம்ஸ் கல்லை வைத்து லடாக் தெருவுக்குத் தீர்ப்பா என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார். உடைந்த உருளையின் படத்தை மேசை மேல் வைத்தேன். ஐம்பது கஜம் மட்டும் கொடுங்கள், அது உப்பினால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். கொடுத்தார்.

அந்தக் கோடையில் கடைத்தெருவின் கீழ்முனையில் இடுப்பளவுக்கு வண்டலைத் தோண்டி எடுத்தோம். ஆற்றங்கரையில் சல்லடை கட்டிச் சரளையை அலசினோம். கல்லைக் குளிப்பாட்டுகிறாள் என்று கூலியாட்கள் என்னைக் கேலி செய்தார்கள். இரண்டு பக்கமும் ஆழமாகக் கால்வாய் வெட்டினோம். தாரும் வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம் என்று அந்த ஊர்க் கற்பலகைகளையே மேலே பதித்தோம். எங்காவது ஒன்று எழும்பினால் அதை மட்டும் பெயர்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்த ஆண்டு பனி உருகிய முதல் வாரம் மட்டக்கருவியோடு போய் இறங்கினேன். மேல்முனையில் பழைய தார்த் தெரு வழக்கம்போல் சேறும் பள்ளமுமாகக் கிடந்தது. கீழ்முனையின் ஐம்பது கஜத்தில் புள்ளி புள்ளியாக வைத்து அளந்தேன். மொத்தத்தில் நான்கே நான்கு பலகைகள் எழும்பியிருந்தன, அவையும் நகக்கண் அளவுக்கு. நம்பிக்கை வராமல் மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.

அந்த இடத்துக்கு எதிரில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து தேநீர் சொன்னேன். கடைக்காரரிடம் கேட்டேன்: "இந்தக் குளிர்காலம் வாசலில் தெரு எப்படி இருந்தது?"

அவர் எட்டி வெளியே பார்த்தார். ஒரு ஜீப் போனது. அதன் பின்னால் இரண்டு பெண்கள் முதுகுக்கூடையோடு பேசிக்கொண்டே போனார்கள். காலடியைப் பார்த்து நடக்கவில்லை.

"தெருவா? தெருவுக்கு என்ன?" என்றார். "பால்தான் இந்த வருடம் சரியாக வரவில்லை."

இன்னொரு கோப்பை தேநீர் கேட்டேன்.